நிழலைக் கழித்த பங்குனி

காப்பித் தோட்டத்து மண்ணில் வெறுங்காலை வைத்தால் முதலில் ஒரு நொறுக்கம் கேட்கும், அது மேலே கிடக்கும் காய்ந்த சருகு. அதற்கடுத்து ஒரு சொதசொதப்பு, அது அடியில் மட்கிக் கிடக்கும் நனைந்த சருகு. அதற்கும் கீழே கறுப்பு மண், கிணற்றிலிருந்து அப்போதுதான் சேந்திய தண்ணீரைப் போல ஒரு 'தணுப்பு' அதில் இருக்கும், அது உள்ளங்கால் வழியாக ஏறி முழங்கால் வரைக்கும் வந்து நிற்கும். எனக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் செருப்பு கிடையாது. அதனால் ஏற்காட்டு மலையில் எந்த இடத்தில் எந்த நேரத்துக்கு எவ்வளவு சூடு என்பதை என் காலைக் கேட்டால் சொல்லும். எஸ்டேட் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டு வாசல், காலையில் ஈரம், உச்சிப்பொழுதில் அடுப்புமேடு. காப்பிக்கொட்டை காய வைக்கும் சிமெண்டுக் களம், அதன்மேல் பகலில் நடக்கவே கூடாது, ஓடத்தான் வேண்டும். பாறை, சாயங்காலம் ஆனாலும் சூட்டை விடாது, பிடிவாதக்காரனின் கோபம் மாதிரி. மரத்தடி மட்டும்தான் எந்த நேரமும் ஒரே சொல்லில் நிற்கும்.

வெயிலுக்கு ஒரு பேர் இருக்கிற மாதிரி, வெயில் பட்ட தரையிலிருந்து கிளம்பி முகத்தில் அடிக்கிற சூட்டுக்கு எங்கள் வீட்டில் இன்னொரு பேர் உண்டு: 'காங்கை'. வெயில் மேலேயிருந்து இறங்குவது, காங்கை கீழேயிருந்து ஏறுவது. "வெயிலுக்குக் குடை இருக்குது, காங்கைக்கு என்ன இருக்குது?" என்று என் அம்மா கேட்பாள். அந்தக் கேள்விக்கு இன்றைக்கு வரைக்கும் என்னிடம் பதில் இல்லை. இத்தனைக்கும் நிழல் விற்பதுதான் என் தொழில்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சேலத்தில் மொட்டை மாடிகளிலும் நர்சரிகளிலும் ஸ்கூல் மைதானங்களிலும் பச்சை வலை கட்டியிருக்கிறார்களே, 'ஷேட் நெட்', அதில் ஓரத்தில் சிவப்பு நாடா வைத்துத் தைத்திருந்தால் அது என் கடையிலிருந்து போனது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அந்தச் சிவப்பு நாடா என் யோசனை. மற்றவர்கள் வலை ரெண்டு காற்றுக்குக் கிழியும், என் வலை கம்பியை வளைத்துவிட்டுத்தான் கிழியும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நிழல்வலைக்காரப் பாப்பாத்தியம்மா கடை என்று சொன்னால் ஆட்டோக்காரர் மேற்கொண்டு வழி கேட்கமாட்டார். அம்பது பர்சண்ட் நிழலா, எழுபத்தஞ்சு பர்சண்டா என்று கேட்டு முழம் போட்டுக் கொடுக்கிறேன். நிழலை எப்படி அளப்பது என்று எனக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. அதை நான் கற்றது எழுபதுகளில் ஒரு பங்குனி மாதத்தில், மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், ஒரு பலா மரத்தடியில், என் தம்பி பிழைப்பானா மாட்டானா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது.

எங்கள் அப்பா மாரப்பன். அவருடைய தாத்தா காலத்தில் கீழ்நாட்டிலிருந்து மலை ஏறிய குடும்பம். எஸ்டேட்டில் மரம் ஏறிக் கிளை கழிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அதை அவரே எல்லோரிடமும் சொல்லிவிடுவார், பிறர் சொல்லட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் எங்கள் வம்சத்தில் கிடையாது. காப்பிச் செடிக்கு நேர் வெயில் ஆகாது. பலா, அத்தி, முருக்கு, சில்வர் ஓக் என்று உயர்ந்த மரங்களை நட்டு, அந்த நிழலுக்குள்தான் காப்பியை வளர்ப்பார்கள். ஆனால் மழை பிடித்த பிறகும் அடர்ந்த நிழல் இருந்தால் செடிக்கு வெளிச்சம் போதாது. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை, கோடை மழை நன்றாக இறங்கிய பிறகு, கிளைகளைக் கழித்து வானத்தைக் கொஞ்சம் திறந்துவிடுவார்கள். அதற்குப் பேர் 'நிழல் கழிப்பு'. எப்போது கழிப்பது என்பதில்தான் சூட்சுமம் எல்லாம்.

தம்பி அந்தப் பங்குனிக்கு முந்தின தையில் பிறந்தான். நாள் கூடாமல் பிறந்த பிள்ளை. அப்பாவின் ஒரு உள்ளங்கையில் அடங்கிவிடுவான். மலை உச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு ராயன் என்று பேர் வைத்தார்கள். தையின் குளிரில் அவனைக் கம்பளிக்குள் சுற்றிக் காப்பாற்றிவிட்டாள் அம்மா. குளிரைத் தாண்டிவிட்டான், இனிக் கவலை இல்லை என்றுதான் லைனில் எல்லோரும் சொன்னார்கள். மாசி பாதியில்தான் தெரிந்தது, அவனுக்கு ஆகாதது குளிர் இல்லை, சூடு. கொஞ்சம் வெக்கை ஏறினால் உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்துவிடும், பால் குடிக்க மறுப்பான், கண் பாதியில் நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் காட்டியபோது, நாள் கூடாத பிள்ளைக்குச் சூட்டைத் தாங்குகிற பக்குவம் வரவில்லை, ஆறேழு மாதம் போகட்டும், அதுவரைக்கும் குளிர்ச்சியான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

குளிர்ச்சியான இடத்துக்கு எங்கே போவது? அந்த வருஷம்தான் எங்கள் லைன் வீடுகளுக்குப் புல்லுக் கூரையைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டிருந்தார்கள். போட்ட அன்றைக்கு எங்கள் பெருமையைப் பார்க்க வேண்டுமே! மழைக்கு ஒழுகாது, எலி ஏறாது, தேள் விழாது. அம்மா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, "பங்களாவாட்டம் மின்னுது புள்ள" என்றாள். அந்தப் பளபளப்பு மாசியிலேயே பல்லைக் காட்டியது. உச்சிப்பொழுதில் தகரம் 'டங்கு டங்கு' என்று தானே சத்தம் போடும், சூட்டில் விரிகிற சத்தம். கீழே இருப்பவன் தலைக்குள் யாரோ சுத்தியல் போடுகிற மாதிரி இருக்கும். கயிற்றுக் கட்டிலின் சட்டத்தில் கை வைத்தால் அதுவும் சுடும்.

ஆகவே பகலில் ராயனின் வீடு தூளிதான். பால்குடிப் பிள்ளைகளை வேலைக்காட்டுக்கே தூக்கிப்போய், வரிசைக்குப் பக்கத்து மரத்தில் சேலையால் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலை பார்ப்பது அங்கே வழக்கம். எங்கள் காட்டின் நடுவில் ஒரு பெரிய பலா இருந்தது. தாழ்ந்த கிளை ஒன்று காளையின் முதுகைப் போல நேராக நீண்டிருக்கும். அதற்குத் 'தூளிப் பலா' என்றே பேர். அந்தக் கிளையில் சில நாள் நாலைந்து தூளி தொங்கும், பழமும் பிள்ளையும் ஒரே மரத்தில் காய்த்த மாதிரி. தூளி ஆட்டுவதற்கு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். என் படிப்பு நின்ற இடம் அதுதான். அதற்காக நான் அழவில்லை. வாத்தியார்தான் அழுதிருப்பார், கணக்கில் நான் புலி.

மாசி முடியும் தறுவாயில் ஒரு சாயங்காலம், யாரும் எதிர்பார்க்காமல், மழை கொட்டியது. காப்பி மொட்டை விரிய வைக்கிற முதல் மழை, 'பூ மழை' என்போம். அது வழக்கத்துக்கு முந்தி வந்துவிட்டது. லைனில் இருந்த அத்தனை பேரும் வெளியே வந்து நனைந்தோம். எட்டு ஒன்பது நாளில் காடு முழுக்க வெள்ளைப்பூ, மல்லிகைக் கடையை உடைத்துக் கொட்டின மாதிரி வாசம். அதோடு இன்னொன்றும் நடந்தது. சேர்வராயன் கோயில் இருக்கிற மலை உச்சியின் மேல் ஒரு மேகம் வட்டமாக வந்து உட்கார்ந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு சொல் உண்டு: "ராயன் தொப்பி போட்டா ரெண்டாம் மழை வாசல்ல நிக்குது." பூ மழைக்குப் பிறகு வருகிற இரண்டாம் மழைதான் பூவைப் பிஞ்சாக்கும், அது வந்துவிட்டால் கோடை பிடித்துவிட்டது, தைரியமாக நிழல் கழிக்கலாம் என்று கணக்கு. மலையில் பிறந்த யாரும் அந்தத் தொப்பியைச் சந்தேகப்பட்டதில்லை.

எஸ்டேட் ரைட்டர் அடுத்த நாள் விடிந்ததும் குடையோடு வந்துவிட்டார். ஒல்லியான மனுஷன், வேலைகளைப் பங்கிட்டு ஆள் விடுவது அவர் பொறுப்பு. வெயிலோ மழையோ கறுப்புக் குடை அவர் தலைக்கு மேல் இருக்கும்.

"மாரப்பா, ராயன் தொப்பி போட்டுட்டாரு பாத்தியா? இனி நிக்காது. இன்னைக்கே கத்தியத் தீட்டு."

"பாத்தேனுங்க. இந்தத் தடவ மானம் முந்திக்கிச்சுங்க. மழை எறங்கறதுக்குள்ள இந்தக் காட்டப் பூராவும் நானே கழிச்சுப்போடுவேனுங்க" என்றார் அப்பா, மார்பை நிமிர்த்திக்கொண்டு.

அம்மா அடுப்படியிலிருந்தே, "ஒரு மழைய நம்பிப் பந்தலப் பிரிக்கிறீங்களே, கண்ணாலம் இன்னும் முடியலீங்களே" என்றாள்.

"மரம் ஏறுறவன் நானா, நீயா?"

"நீங்கதான் ஏறுறீங்க. கீழ இருக்கறது நாங்கதானுங்களே" என்றாள் அம்மா. அப்பா கத்தியைச் சாணைக்கல்லில் வைத்துவிட்டார்.

அவர் வேலை செய்வதைப் பார்ப்பதற்கே ஒரு கூட்டம் நிற்கும். கீழேயிருக்கிற காப்பிச் செடியில் ஒரு பூ உதிராமல் கிளையை இறக்குவார். வரிசை வரிசையாக முருக்கு, அத்தி, சில்வர் ஓக் எல்லாம் மொட்டையாகி நின்றன. தூளிப் பலாவில் பிஞ்சு இறங்கியிருந்ததால் அதைக் கடைசிக்கு என்று விட்டுவைத்தார்கள். வேலை முக்கால்வாசி முடிந்தபோது, ராயன் தொப்பியைக் கழற்றிவிட்டான். ஒரு காலையில் பார்த்தால் உச்சி வெறும் தலையாக நின்றது. வானம் கழுவிக் கவிழ்த்த வெண்கலச் சட்டி மாதிரி.

முதலில் என் காலுக்குத்தான் தெரிந்தது. வரிசைக்குள் நடந்தேன், நொறுக்கம் மட்டும் கேட்டது. நனைந்த சருகு இல்லை. விரலால் கிளறிப் பார்த்தேன், கறுப்பு மண் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது, தொட்டால் சுட்டது. மரத்தடியாக இருந்தபோது எந்த இடம் குளிர்ந்து கிடந்ததோ அதே இடம்தான்; மண் மாறவில்லை, மலை மாறவில்லை, தலைக்கு மேல் இலை மட்டும்தான் இல்லை. இத்தனை சூட்டை இத்தனை நாள் அந்த இலைகள் எங்கே வைத்திருந்தன என்று எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது: மரம் மண்ணுக்குள்ளிருந்து தண்ணீரை இழுத்து இலை வழியாக வேர்த்துக்கொண்டே இருக்கிறது, வேர்வை காயக் காயச் சூடு அதோடு போய்விடுகிறது. அது நின்றதும் காடு முழுக்கக் களத்துச் சிமெண்டு மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாம் மழை வரவில்லை. பங்குனி பாதிக்கு வந்துவிட்டது. விரிந்த வெள்ளைப்பூ செடியிலேயே பழுப்பாகி, பொடித்த முறுக்கு மாதிரி உதிர்ந்தது. காலையில் மெதுவாகக் கலைகிற பனிமூட்டம் இப்போது பல் விளக்குவதற்குள் ஓடிப்போனது. லைனில் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள், அம்மா மட்டும் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பொரிப்பு கழுத்திலிருந்து மார்புக்கு இறங்கியிருந்தது. சுற்று வரிசைகளில் மரம் போனதால் எல்லாத் தாய்மாரும் பலாவுக்கே தூளியைக் கொண்டுவந்தார்கள், கிளை கொள்ளவில்லை. அதற்கு அடியில் மட்டும் இன்னும் பழைய மண் இருந்தது. அதைவிட்டு ஒரு எட்டு வெளியே வைத்தால் காங்கை கன்னத்தில் அறையும்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் ரைட்டர் வந்து, பலாவையும் கழித்துவிடச் சொன்னார். காட்டை அரைகுறையாக விட்டால் துரை கேட்பார், என்றைக்கு இருந்தாலும் மழை வரத்தான் போகிறது என்றார். அப்பா இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு ஏறினார். மற்றவர்கள் தங்கள் தூளிகளை அவிழ்த்துக்கொண்டார்கள். அம்மா அவிழ்க்கவில்லை. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தூளிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தூளிய அவுத்துரு சின்னப்பொண்ணு. கிளை விழுந்தா பிள்ள மேலதான் விழும்" என்று அம்மாவிடம் சொன்னார் ரைட்டர்.

"அவுத்து எங்கீங்க கட்டட்டும்? உங்க குடைக்கம்பியிலயா?"

எங்கள் பக்கத்து வீட்டு முனியம்மா சும்மா இருப்பாளா? "கட்டு புள்ள, கட்டு. ரைட்டரய்யா நின்னபடிக்கே நல்லா ஆட்டுவாருங்க" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பங்குனியில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

"பேச்சுக்குக் கொறச்சலில்ல. நாளைக்குத் தொர கேட்டா பதில் சொல்றது நீங்களா?" என்று அவர் சிடுசிடுத்தார்.

அம்மா அவரை விட்டுவிட்டு மேலே அண்ணாந்தாள். "ஏனுங்க, மேல இருக்கறவரே! கத்திய ஓங்கறதுக்கு முன்னால ஒருக்கா குனிஞ்சு பாத்துக்கோங்க. தொங்கறது பலாப்பிஞ்சு இல்லீங்க, உங்க பிள்ள."

நான் தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்திச் சத்தம் எந்த நொடியும் வரும் என்று இருந்தது. சத்தம் வரவில்லை. இலைக்குள் அப்பாவின் குதிகால் மட்டும் தெரிந்தது, அசையாமல். வெகுநேரம் கழித்து அவர் குரல் வந்தது.

"ரைட்டரய்யா, இங்க குளவிங்க!"

"எங்கடா குளவி?"

"பொந்துக்குள்ளங்க. நொம்பப் பெரிய கூடுங்க. கத்தி பட்டுதுன்னா காட்டுல ஒருத்தர் மிஞ்ச மாட்டமுங்க."

ரைட்டர் குடையை மடக்கினார். அவர் குடையை மடக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அண்ணாந்து கிளை கிளையாகத் தேடினார். ஒரு குளவியும் பறக்கவில்லை. அப்புறம் அவர் பார்வை கீழே இறங்கி, சேலை மடிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ராயனின் பாதத்தில் வந்து நின்றது. சிவந்து பொரிந்த, புளியங்கொட்டை அளவுக்குக் குதிகால் உள்ள பாதம்.

"குளவின்னா கை வைக்கக் கூடாதுதான்" என்றார். "அதாவே கலையட்டும்."

"கலையறதுக்கு எத்தன நாளுங்க ஆகும்?" என்றாள் முனியம்மா.

"அதக் குளவியப் போய்க் கேளு" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அந்த மனுஷன் எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

அன்றைக்கு ராத்திரி சோறு உண்ணும்போது அப்பா சொன்னார்: "உச்சாணியில நின்னு பாத்தேன் புள்ள. நான் கழிச்ச காடு அத்தனையும் வெளுத்துப் பொரிச்சட்டியாட்டம் கெடக்குது. அதுல இருந்து காங்கை ஏறி வந்து மூஞ்சியில அடிச்சுது பாரு, அவ்வளவு ஒசரத்துலயும். பருந்துங்க ரெக்கைய ஆட்டாமயே அது மேல மெதக்குதுங்க." அப்பா தன் வேலையைப் பற்றிப் பெருமை இல்லாமல் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாத நாள் என்பதால் நாங்கள் லைனில் இருந்தோம், அப்பா மஞ்சக்குட்டைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். உச்சிப்பொழுது. தகரம் சுத்தியல் அடித்துக்கொண்டிருந்தது. நான் ராயனுக்கு முறத்தால் விசிறிக்கொண்டிருந்தேன், விசிறினால் சூடுதான் வந்தது. அவன் சிணுங்கிக்கொண்டே இருந்தான், பிறகு சிணுங்கல் நின்றது. தூங்கிவிட்டான் என்று எனக்கு நிம்மதி. அம்மா வந்து ஒரு விரலால் அவன் கழுத்தைத் தொட்டாள், அப்படியே அள்ளித் தூக்கினாள். அவன் தலை பின்னால் தொங்கியது, கண் செருகி வெள்ளை தெரிந்தது. உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

ரோட்டுக்குப் போய் ஜீப்புக்கோ பஸ்ஸுக்கோ நிற்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வருகிற வரைக்கும் நிற்கவேண்டியது தார் ரோட்டின் மேல். அம்மா ஒரு நொடி வாசலில் நின்றாள். "பாப்பாத்தி, கொடத்த எடு" என்றாள். ரோட்டுப் பக்கம் திரும்பவில்லை, காட்டுக்குள் திரும்பினாள்.

பலாவுக்கும் லைனுக்கும் நடுவில் இருந்தது முழுக்கக் கழித்த காடு. தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான், காப்பிச் செடியின் துண்டு நிழலிலிருந்து அடுத்த துண்டு நிழலுக்குத் தாவித் தாவி ஓடினேன், நடுவில் கால் வைத்த இடமெல்லாம் நெருப்பு. அம்மா தாவவில்லை. எது நிழல், எது வெயில் என்று பார்க்காமல், பிள்ளையை மார்போடு ஒட்டி முந்தானையால் மூடிக்கொண்டு நேர்கோடாகப் போனாள். அன்றைக்கு அவள் உள்ளங்காலில் வந்த கொப்புளம் சித்திரை வரைக்கும் ஆறவில்லை.

பலாவின் நிழலுக்குள் காலை வைத்தபோது, அந்தப் பழைய சொதசொதப்பு. கறுப்பு மண். அம்மா மேல் சருகை ஒதுக்கிவிட்டு ஈர மண்ணின்மேல் நனைத்த துணியை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள். நெற்றி, கக்கம், தொடையிடுக்கு என்று தண்ணீரால் துடைத்தாள். நான் பலா இலையால் விசிறினேன். இங்கே விசிறினால் காற்று வந்தது. அவன் அசையவில்லை. அம்மா அழவில்லை, சேர்வராயன் மலையைப் பார்த்துச் சண்டை போட்டாள்.

"ராயா, உன்ற பேரத்தான வச்சேன்? உன்ற தொப்பிய நம்பித்தான கெட்டோம்? என்ற பிள்ளைய எடுத்துப்பாரு, உன்ற குகைப்பக்கம் இனி தலை வச்சுப் படுக்க மாட்டேன்."

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மரத்தின் நிழல் எங்கள் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நகர்ந்தது, நாங்களும் துணியை இழுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே நகர்ந்தோம். திடீரென்று அவன் கால் கட்டைவிரல் மடங்கியது. அம்மா மார்பைக் கொடுத்தாள், வாய் தேடவில்லை, மறுபடி கொடுத்தாள், பிடித்துக்கொண்டான். அப்படிக் குடித்துக்கொண்டே இருந்தவன் வாயை எடுத்து, முகத்தைச் சுளித்து, வீறிட்டு அழுதான். அழுத வேகத்தில் அம்மாவின் மடியில் ஒண்ணுக்கும் போய்விட்டான்.

அம்மா நனைந்த சேலையைப் பார்த்தாள். "பாருடி பாப்பாத்தி, ரெண்டாம் மழ பேஞ்சிருச்சு" என்றாள். சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதாள்.

உண்மையான மழை வெகுநாள் கழித்து வந்தது, உதிர்ந்த பூவுக்கு அதனால் பயன் இல்லை. அந்த வருஷம் செடியில் காயைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. அப்பா கழித்த மரங்கள் துளிர்த்து, மறுவருஷம் காடு மறுபடி இருண்டது. ராயன் தகரத்தின் கீழேயே வளர்ந்து பெரியவனானான். அம்மாவுக்கு மட்டும் அந்தக் குணம் போகவில்லை: பங்குனி, சித்திரையில் உச்சிப்பொழுது ஆனால் எங்கே இருந்தாலும் எழுந்துபோய் அவன் கழுத்தை ஒரு விரலால் தொடுவாள். அவனுக்கு மீசை முளைத்த பிறகும் தொட்டாள்.

நான் எண்பதுகளில் கல்யாணமாகிச் சேலத்துக்கு இறங்கினேன். சாக்குத் தைத்தேன், தார்ப்பாய் தைத்தேன், பிறகு வலைக்கு வந்தேன், என் கையால் மூன்று மாடி எழுப்பினேன். பழைய லைன் வீட்டுக்குத் திரும்பப் போகிறாயா என்று கேட்டால் மாட்டேன்; அட்டைப்பூச்சியும் குளிரும் பசியும் எனக்கு மறக்கவில்லை. ஆனால் நான் இறங்கி வந்தபோது கடைத்தெருவில் வரிசையாகப் புளியமரமும் புங்கமரமும் நின்றன, ரோட்டை அகலமாக்கியபோது போயின. இப்போது தெரு முழுக்கத் தாரும் சிமெண்டும், பகலெல்லாம் குடித்த சூட்டைப் பொழுது சாய்ந்ததும் கக்க ஆரம்பிக்கிறது, நான் சின்ன வயதில் பார்த்த அதே பாறை. கடையில் சூடு பார்க்கிற துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் வந்தால் வெயிலில் கிடக்கிற சிமெண்டுக்கு நேராக நீட்டி ஒரு தடவை அழுத்துவேன், என் வலைக்குக் கீழே இருக்கிற சிமெண்டுக்கு ஒரு தடவை அழுத்துவேன். எண் இறங்குவதைப் பார்த்தே வாங்கிவிடுவார்கள். எதிர்ச் சாரியில் மிச்சமிருக்கும் ஒரே வேப்பமரத்தடி மண்ணுக்கு நேராக மட்டும் அவர்கள் முன்னால் நீட்டமாட்டேன். அங்கே அது இன்னும் கீழே இறங்கும். வலைக்கு வேரும் கிடையாது, வேர்வையும் கிடையாது.

அம்மா போன பிறகு அந்தக் குணம் எனக்கு வந்துவிட்டது. ராயன் சரக்கு வண்டி ஓட்டுகிறான், மாடி மாடியாக ஏறி வலை கட்டுகிறவனும் அவன்தான். உச்சிப்பொழுது ஆனால் என் கை தானாகப் போனை எடுக்கும். "எங்கடா இருக்கற? நிழல்லயா?" என்பேன். "நிழலுக்குள்ளதானக்கா பொழப்பே" என்று சிரிப்பான். சிரிப்பைக் கேட்டால் மூச்சு வரும். கேட்காத நாளில் ஒரு வேலையும் ஓடாது.

போன பங்குனியில் அவனோடு மலைக்குப் போனேன். எஸ்டேட் துண்டு துண்டாக விற்றுப்போய் எங்கள் காடு இருந்த இடத்தில் ஒரு பெரிய லாட்ஜ். களமும் இல்லை, லைனும் இல்லை. சேர்வராயன் உச்சியையும் ரோட்டு வளைவையும் வைத்துக் கணக்குப் போட்டுத் தூளிப் பலா நின்ற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், சொன்னேனே, கணக்கில் நான் புலி. அங்கே கார் நிறுத்துகிறார்கள். மண் தெரியாமல் சிமெண்டுக் கல் பதித்திருந்தார்கள். வெயிலுக்காக மேலே பச்சை வலை இழுத்துக் கட்டியிருந்தது. ஓரத்தில் சிவப்பு நாடா.

"நம்ம சரக்குதானக்கா" என்றான் ராயன், பெருமையாக.

"இந்த எடத்துலதாண்டா நீ கண்ணு முழிச்ச" என்றேன். அவன் கார்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைக் கீழே வைத்தேன்.

"அக்கா, செருப்பப் போடுக்கா. கால் வெந்துரும்" என்றான்.

என் வலையின் நிழலில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஆனாலும் காலை எடுத்துவிட்டேன்.